மருமகளின் ஃபோர்ட், மாமனாரின் செவர்லே

அல்வினா கல்யாணமாகி வரும்போது கூடவே ஒரு ஃபோர்டையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். 1948-ஆம் வருஷத்து பிக்கப். ரொட்டிக் கடையில் நாலு வருஷம் மாவு பிசைந்த சம்பளத்தில் வாங்கியது. வம்பு என்னவென்றால், அவள் வாழ வந்தது செவர்லே வீடு. எங்கள் கான்சாஸ் பக்கத்தில் பெண் என்ன சமைப்பாள் என்று கேட்பதற்கு முன்னால் அவள் வீட்டில் என்ன வண்டி என்று கேட்பவர்கள் உண்டு. அவள் மாமனார் அலோயிஸ் அதில் முதல் ஆள்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே கச்சேரிதான். ஆறு சிலிண்டர் போதும், நிதானமாக இழுக்கும், பின்மூலைகளில்கூடக் கண்ணாடி வைத்திருக்கிறான் என்பார் அவர். எட்டு சிலிண்டர் உறுமினால் தெரியும், முன்கண்ணாடியும் நடுவில் பிளவில்லாமல் ஒரே கண்ணாடி என்பாள் இவள். கணவன் லியாண்டர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்கில் கவனமாக இருப்பான். அந்த மனுஷனைச் சொல்லிப் பயனில்லை.

1951 அறுவடைக்கு முதல் நாள் மாமனார் குண்டைத் தூக்கிப் போட்டார். ஒரு வீட்டுக்கு இரண்டு வண்டி எதற்கு? எது முதல் லோடு கோதுமையைக் கிடங்கில் சேர்க்கிறதோ அது இருக்கட்டும், மற்றதை விற்றுவிடலாம் என்றார். தோற்றால் நாலு வருஷச் சம்பளம் போய்விடும் என்று அல்வினாவுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றாள்.

"தோத்துட்டு அழக்கூடாதும்மா."

"நீங்க அழாம இருந்தா சரி, மாமா."

மறுநாள் இரண்டு வண்டியிலும் ஒரே அளவு கோதுமை. லியாண்டர் தொப்பியை வீசியதும் கிளம்பினார்கள். வழியில் இருந்த மேட்டில் செவர்லே ஒரே மூச்சில் ஏறிவிட்டது. பின்னால் புழுதி தின்றுகொண்டு போன அல்வினாவுக்கே அதைப் பாராட்டத் தோன்றியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். மேட்டுக்கு அப்பால் நாலு மைல் சமவெளி. அழுத்தி மிதித்தாள். ஃபோர்ட் பாய்ந்தது. செவர்லேயை ஒட்டி வந்தபோது மாமனார் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து வண்டியைக் கெஞ்சிக்கொண்டிருப்பது தெரிந்தது. தாண்டிப் போனாள். தாண்டும்போது சந்தோஷத்தில் கத்தியேவிட்டாள்.

ஊரின் முதல் லோடு யாருடையது, எந்த வண்டியில் வந்தது என்று கரும்பலகையில் எழுதுவது கிடங்கில் வழக்கம். எடை போட்ட கிடங்குக்காரர் ஓட்டோ குடும்பப் பெயரைக் கேட்டதும் வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் "அலோயிஸ், செவர்லே" என்று எழுதிவிட்டார். அவள் கொதித்துப்போய் வாயைத் திறப்பதற்குள் மாமனார் உள்ளே வந்துவிட்டார். பலகையைப் படித்தார். பேசாமல் இருந்திருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஆனால் சட்டைக்கையால் "செவர்லே"யை அழித்து, சாக்பீஸ் இரண்டு தரம் உடைய, "ஃபோர்ட்" என்று எழுதினார்.

"பேரு அப்படியே இருக்கட்டும். கோதுமை என்னுது," என்றார். இரண்டு வண்டி லோடும் இறங்கிய பிறகு தன் வண்டியின் கதவில் கை வைத்தபடி நின்றார். நின்ற விதம் அல்வினாவுக்குப் பொறுக்கவில்லை.

"அதை வித்துட்டா அடுத்த லோடுக்கு நான் யாரை முந்துறது, மாமா?"

அவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"மேட்டுல உன்னை விட்டுட்டுப் போனேன்ல?"

"போனீங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் செவர்லேயைக் கிளப்பிவிட்டார்.