சகாதேவன் கொடுத்த அமெரிக்கச் சம்மன்

கோர்ட் அமீனா சகாதேவனைக் கண்டாலே திருவண்ணாமலையில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சம்மன் கொண்டு வருகிற ஆளுக்கு யார் காபி கொடுப்பார்கள்? இருபத்தெட்டு வருடமாக ஆயிரக்கணக்கான வழக்குகளின் தொடக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஒன்றின் முடிவுகூட அவருக்குத் தெரியாது. "அந்தக் கேஸ் என்னாச்சு?" என்று வக்கீல் குமாஸ்தாக்களைக் கேட்டால், "உனக்கெதுக்குய்யா அது?" என்பார்கள். மனிதருக்கு மண்டை வெடித்துவிடும்.

2008 ஆவணியில், டெல்லி வழியாக வந்த ஒரு சம்மனை அவரிடம் கொடுத்தார்கள். அனுப்பியது அமெரிக்க கோர்ட். வேங்கிக்காலில் இருக்கும் மணிமொழிக்கு. தன் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்து வழியெல்லாம் நின்று நின்று படித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

வாசலிலேயே மறித்தார் மணிமொழியின் அப்பா சக்கரபாணி. ஒரு நிலத் தகராறில் பதினாலு வருடம் வாய்தா வாங்கிப் பழுத்தவர்.

"வீடு பூட்டியிருந்துச்சுனு எழுதிக்குங்க. கதவுல ஒட்டிட்டுப் போயிடுங்க. தீர்ப்பு வந்தா அப்புறமா ரத்து பண்ணிக்கலாம்."

சத்தம் கேட்டு மணிமொழி வெளியே வந்தாள். அமெரிக்க கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு மாதம். கடலை மகசூலைக் கணிக்க அவள் எழுதிய மென்பொருள் தங்களுடையது என்று அந்தக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. வேலைக்குச் சேரும் முன்பே, கல்லூரியில் படிக்கும்போது, கீழ்பென்னாத்தூர் நிலத்தில் அப்பாவோடு செடி செடியாகப் பிடுங்கிக் காய் எண்ணி அவள் எழுதியது அது.

சம்மனை நீட்ட வேண்டிய சகாதேவன் கேள்வியை நீட்டினார். "டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுனு போட்டிருக்கே, நம்ம ஜில்லா கோர்ட்டு மாதிரியாம்மா?"

"பேருதான் சார் அப்படி. நம்ம ஊர்ல முன்சீப் கோர்ட்லேர்ந்து டெல்லி வரைக்கும் ஒரே ஏணி. அங்க மாநிலத்துக்கு மாநிலம் தனி ஏணி, மத்திய அரசுக்கு ஒரு தனி ஏணி. காப்புரிமைக் கேஸ் மத்திய ஏணியிலதான் போகும். கீழ தொண்ணூத்தி நாலு ஜில்லா கோர்ட்டு, நடுவுல பதிமூணு அப்பீல் கோர்ட்டு, உச்சியில சுப்ரீம் கோர்ட்டு."

"ஜட்ஜுங்க எந்த வயசுல ரிடையர் ஆவாங்க?"

"ஆக வேணாம் சார். ஆயுசு பூரா இருக்கலாம்."

"அடேங்கப்பா!" அடுத்த வருடம் ஓய்வு பெறவிருந்த அமீனாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"பாடம் கேக்கவா வந்தீங்க? ஒட்டிட்டுக் கெளம்புங்க," என்றார் சக்கரபாணி.

சகாதேவன் சம்மனில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒட்டினாலும் குடுத்த மாதிரிதாங்க. இருபது நாள்ல பதில் போகலைன்னா, அவங்க கேட்டபடியே தீர்ப்பு எழுதிடுவாங்களாம். பசை காயறதுக்குள்ள என் வேலை முடிஞ்சிடும். உங்க பொண்ணு எழுதினது கைய விட்டுப் போயிடும்." அமீனா இப்படியெல்லாம் பேசக் கூடாது. பேசிவிட்டார்.

மணிமொழி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சக்கரபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்பது மாதம் கழித்து, கோர்ட் வாசலில் சகாதேவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மணிமொழியின் ஸ்கூட்டி வந்து நின்றது.

"சார், பதினேழாம் நாளே பதில் போய்ச் சேர்ந்துடுச்சு. கூடவே என் காலேஜ் ரெக்கார்டு, புரொபசர் கையெழுத்து, தேதி எல்லாம். ஜட்ஜ் கம்பெனிக்காரங்களை ஆதாரம் கேட்டாரு. அவங்ககிட்ட ஒண்ணுமில்லை. கேஸ் தள்ளுபடி!"

"இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க. முடிவு தெரிய வேணாமா?"

சகாதேவன் காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார்.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார். "ஒண்ணு விடாம சொல்லு."