கித்தார் யார் உபயம்

மத்தியான வெயிலில் செம்பவாங் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் கித்தார், காலில் ரப்பர் சிலிப்பர். இசைக்குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி போட வேண்டும் என்று தலைவர் வாங்கித் தந்திருந்த வெள்ளைச் சப்பாத்தைத் தேவாலய மண்டபத்து மேடை ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். பின்னால் இன்னும் பாட்டுச் சத்தம் கேட்டது. நான் இல்லாமலே கல்யாண விருந்து நடந்தது. அதில் வருத்தம் இல்லை. பிரியாணி சாப்பிடாமல் கிளம்பியதுதான் வருத்தம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஆரம்பப் பள்ளியை முடிக்காதவன். சுவா சூ காங்கில் கோழிப்பண்ணை, கேலாங்கில் மரக்கடை, தேக்காவில் காய்கறி மூட்டை என்று எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பாதி வேலையை முதலாளிகள் நிறுத்தினார்கள், மீதியை நான் நிறுத்தினேன். இந்த இசைக்குழுவில்தான் அதிக காலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். நகரத்து ஹோட்டல் ஒன்று சனிக்கிழமைதோறும் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தது. மூட்டை தூக்காமல் கித்தார் வாசித்தே பிழைக்கலாம் என்று முதல் முறையாக எனக்குத் தோன்றியிருந்தது. அதை உதறிவிட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன். காரணம் ஒரு கித்தார். என்னுடையது இல்லை.

எங்கள் தலைவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. தேக்காவில் மசாலா அரைக்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் ஒத்திகை நடக்கும். பாடி முடித்தால் எல்லோர் சட்டையிலும் மல்லிப்பொடி வாசம் இருக்கும். ஒருநாள் மாஸ்டர் புதிய பெட்டியோடு வந்தார். அதைத் திறப்பதற்கு முன் எங்களைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார்.

உள்ளே இருந்தது ஒரு கித்தார். அதன் தலையில் தங்க நிறத்தில் ஒரு கையெழுத்து. வெளிநாட்டில் பெரிய புகழோடு இருந்த ஒரு கித்தார்க்காரனின் பெயர். அவன் கைக்கு ஏற்றபடி, அவன் சொன்ன மரத்தில் ஒரு கம்பெனி அவனுக்குச் செய்துகொடுத்தது. பிறகு அதே மாதிரியில் அவன் கையெழுத்தைப் போட்டு ஊருக்கெல்லாம் விற்றது.

"அவரே போட்ட கையெழுத்தா மாஸ்டர்?" என்று டிரம்ஸ் வாசிப்பவன் கேட்டான்.

"அச்சு லா. ஆனா அவர் கையெழுத்துதான்."

"அஞ்சு வெள்ளி நோட்டுலகூடத்தான் மந்திரி கையெழுத்து இருக்கு. அதுக்காக மந்திரி எனக்குத் தெரிஞ்சவரா?"

மாஸ்டர் சுருதி கூட்டினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல கித்தார். அடித்தால் ஒலி வட்டமாக எழுந்து நின்றது. எரிச்சலே அதனால்தான். கெட்ட கித்தாராக இருந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். அதன் கழுத்து அந்த வெளிநாட்டானின் நீள விரலுக்குச் செய்தது. மாஸ்டருக்குக் குட்டை விரல். பழைய கித்தாரில் எலி ஓடுவதுபோல் ஓடிய விரல்கள் இதில் ஒவ்வொரு கட்டையாக ஏறி இறங்கின. ஒத்திகை முடிந்ததும் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொள்வார். கித்தாரை மாற்றுங்கள் என்றால், "கை பழகிக்கும்" என்பார். அடுத்தவன் பல்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, வாய் பழகிக்கொள்ளும் என்று சொல்கிற மனிதனை என்ன செய்வது?

"நல்ல சத்தம் வருதுல்ல, பேரு யாருதா இருந்தா உனக்கென்ன?" என்று டிரம்ஸ்காரன் என்னைத்தான் திட்டினான். எனக்கு ஒன்றும் இல்லை. சத்தத்துக்காக வாங்கியிருந்தால் அந்தப் பெயரின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருப்பார். மாஸ்டரோ பஸ்ஸில்கூடக் கித்தாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார், கையெழுத்து பக்கத்து ஆளுக்குத் தெரியும்படி.

என் கித்தார் சுங்கை ரோட்டுப் பழைய சந்தையில் வாங்கியது. அதன் தலையில் இருந்த பெயரை எனக்கு முன்னால் வைத்திருந்தவன் கத்தியால் சுரண்டியிருந்தான். ஏன் என்று தெரியாது.

அன்றைய கல்யாணம், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவரின் மகளுக்கு. காலையில் மாதா கோவிலில் திருமணப் பூசை, மதியம் அந்தத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் விருந்து. அந்த மண்டபத்தில் எதை நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு பெயர் இருக்கும். மின்விசிறி இன்னார் உபயம், நாற்காலி இன்னார் நினைவாக, தண்ணீர்த் தொட்டி இன்னார் குடும்பத்தார். கொடுத்தவர் பெயரை எழுதுவதும், விசேஷ நாளில் மைக்கில் அதைச் சொல்லி நன்றி கூறுவதும் அங்கே வழக்கம். மைக் பிடித்தவர் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எல்லா விருந்திலும் அவர்தான் நன்றி சொல்வார்.

மாஸ்டர் அவரிடம் போய்க் கித்தாரைக் காட்டினார். நான் பக்கத்தில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, பாட்டுக்கு முன்னாடி இந்தப் பேர மைக்குல ஒரு தடவ சொல்லணும்."

"யாரு தம்பி இவரு?"

"இது அவரோட கித்தார் ஐயா. ரொம்பப் பெரியவரு."

பெரியவர் கண்ணாடியைத் தூக்கி, பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, தலையாட்டினார். மணமக்கள் கேக் மேசைக்கு வந்து நின்றதும் மைக்கை எடுத்தார்.

"நம்ம இசைக்குழுவுக்கு இந்த அழகான கித்தார அன்பளிப்பா வழங்கின இந்தப் பெரிய மனிதருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பங்கு மக்கள் சார்பா நன்றி" என்று சொல்லி, அந்த உலகப் புகழ் பெற்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆண்டவர் அவருக்கு நல்ல சுகத்தக் குடுக்கட்டும். எல்லாரும் கை தட்டுங்க."

மண்டபம் முழுக்கக் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் பக்கத்து அம்மாவிடம், "யாரு உபயமாம்? நம்ம பங்கா?" என்றார்.

"வெள்ளக்காரராம். பழைய நேவி ஆளா இருக்கும்."

"நல்ல மனசு."

மாஸ்டரின் முகம் கறுத்தது. ஆனால் பின்வரிசையில் வேறு சத்தம் எழுந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது நியூசிலாந்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். மணப்பெண்ணின் அப்பாவுக்குப் பழக்கமான சிலரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவர்களில் ஒருவன் மேடைக்கே வந்து, கித்தாரின் தலையைத் தொட்டுப் பார்த்து, அந்த மனிதனின் பாட்டு ஒன்றைச் சொல்லி, வாசியுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

மாஸ்டர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை சினிமாப் பாட்டை இசைத்தட்டில் இருப்பதுபோலவே வாசித்தவர் அவர்! ஆனால் கையில் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு ஆரம்பம் மட்டும்தான் தெரியும். அது முடிந்ததும் விரல் தடுக்கியது. மறுபடி ஆரம்பத்துக்கே போனார். மறுபடியும் தடுக்கியது. சிப்பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மணமக்கள் ஒரே கத்தியை இரண்டு பேராகப் பிடித்தபடி நின்றார்கள். கேக்கின் மேல் இருந்த வெண்ணெய் ரோஜா உருகிச் சரிந்தது. மணப்பெண் என்னைப் பார்த்தாள். கேக் வெட்டும்போது எந்தப் பாட்டு வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் அந்தப் பாட்டின் தாளத்தை அடிக்க ஆரம்பித்தேன். டிரம்ஸ்காரன் உடனே சேர்ந்துகொண்டான். பாடகி பாடினாள். கத்தி இறங்கியது.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"யாரக் கேட்டு ஆரம்பிச்ச?"

"பொண்ணு கத்தியப் புடிச்சிக்கிட்டு நிக்குது மாஸ்டர்."

"அத நான் பாத்துக்குவேன். ஹோட்டல்ல இந்த மாதிரி பண்ணினா மானம் போயிடும். உன் கித்தாரப் பாரு. ஒரு பேரு இருக்கா? அங்க வர்றவன் முதல்ல கித்தார் தலையத்தான் பாப்பான். உனக்கும் கடையில சொல்லி வெச்சிருக்கேன். இதே ஆளு பேரு போட்டது. அதோட வர்றதா இருந்தா வா."

"எனக்கும் அந்தாளு பாட்டு தெரியாதே மாஸ்டர். ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சிக்கிட்டு நிக்கணுமா?"

பின்னால் வந்து நின்ற டிரம்ஸ்காரன் சிரித்துவிட்டான். அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"போடா. ஹோட்டலுக்கு நீ வேண்டாம்."

சரி என்றேன்.

சாலை ஓரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து பால் இல்லாத கோப்பி-ஓ கேட்டேன். பட்டறைத் தொழிலாளி ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் முதுகுச் சுமையைப் பார்த்து, "கல்யாண வீட்டுலேர்ந்தா வர்றீங்க? கித்தார் குடுத்த வெள்ளக்காரர் வந்திருந்தாராமே?" என்றார்.

"வரல அண்ணே. வந்திருந்தா வாசிச்சிருப்பாரு."

அவருக்குப் புரியவில்லை. வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பெரிய கப்பல் துறைக்குள் வந்திருக்கிறது, துரு சுரண்ட ஆள் எடுக்கிறார்கள், காலையில் வாசலில் நில்லுங்கள் என்றார்.

மறுநாள் தேக்காவிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய் நின்றேன். கண்ட்ராக்டரின் ஆள் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு சுத்தியலும், சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த பழைய நீலக் கவரால் உடுப்பு ஒன்றும் கொடுத்தார். முழங்காலில் ஒட்டுப் போட்டது. மார்பில் சிவப்பு நூலால் எவனோ ஒருவனின் பெயர் தைத்திருந்தது. போட்டுக்கொண்டேன். இடுப்பு சரியாக இருந்தது, கால் கொஞ்சம் நீளம். மடித்துவிட்டேன்.

சாரத்தின் கீழே நின்ற ஃபோர்மேன் அந்தப் பெயரைப் படித்து, அந்தப் பெயராலேயே என்னைக் கூப்பிட்டார். ஏணியைப் பிடித்து ஏறி, கப்பலின் பக்கவாட்டில் துருவைக் கொத்த ஆரம்பித்தேன். அந்தப் பெயர்க்காரனின் பாட்டு என்னவென்று அங்கே யாரும் கேட்கவில்லை.