பூட்டாத கிரில்

இதய நோய் ஆய்வு ஒன்றுக்காகக் கிள்ளான் நகரின் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிய நாட்களில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பது என் வேலை. எல்லா வீட்டிலும் பூட்டிய கிரில் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுவேன். அவர் வீட்டு கிரில் மட்டும் கை பட்டதும் திறந்துகொண்டது.

ஒல்லியான மனிதர். வீட்டுக்குள்ளும் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதையே எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கம் எப்படி, அங்கிள்?"

"முன்னெல்லாம் வராது. இப்ப கேட்டப் பூட்டாம படுக்கிறேன், நல்லா வருது."

"ஏன் பூட்டறதில்ல?"

"கீழ ஹால்ல பொம்மைய வெச்சு நெஞ்ச அமுக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ஹார்ட் நின்னா உடனே யாராச்சும் வந்து அமுக்கணுமாம். நான் ஒத்த ஆளு. பூட்டியிருந்தா எப்படி வருவாங்க?"

"திருடன் வந்துட்டா?"

"வரட்டும் லா. அவனுக்கும் ரெண்டு கை இருக்கில்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நானும் தனி ஆள்தான். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பியதும் வழக்கம்போல கிரில்லைப் பூட்டினேன். மாற்றுச் சாவியை யாரிடமாவது கொடுத்து வைக்கலாமே என்று தோன்றியது. கம்பிகளுக்கு உள்ளே நின்றபடி எதிர்வீட்டைப் பார்த்தேன். ஊரெல்லாம் போய்க் கதவு தட்டுகிறவன், அந்தக் கதவை ஒருநாளும் தட்டியதில்லை.