முதலில் மூத்தவன்

தையல்காரிக்கு இரண்டு மகன்கள். இருவருக்கும் தசைச் சிதைவு நோய். தாமாகப் புரண்டு படுக்க முடியாது. மதியம் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, முதலில் மூத்தவனையும் பிறகு சின்னவனையும் திருப்பிப் படுக்க வைப்பாள். சின்னவன் இறகு மாதிரி. மூத்தவனைத் திருப்பினாலோ அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். "என் மூட்டை" என்றுதான் அவனைக் கொஞ்சுவாள்.

போன மாதம் மூத்தவன் இறந்துபோனான். கட்டிலை எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

இன்று தோளில் கை வைத்ததுமே சின்னவன் முகத்தைச் சுளித்தான்.

"முதல்ல அண்ணனைத் திருப்பும்மா. ரொம்ப நேரமா ஒரே பக்கமா கிடக்கான். கால் மரத்துப் போச்சாம்."

"சும்மா இருடா! எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று எரிந்து விழுந்தாள். அவன் விடுவதாயில்லை. சரி, பேருக்குச் செய்து தொலைப்போம் என்று வெறுங்கட்டிலருகே போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் அடியில் கொடுப்பதுபோல் கொடுத்துத் திருப்பினாள்.

"இப்பதான் சுகமா இருக்காம்" என்று சின்னவன் சிரித்தான். "என்னைத் திருப்பும்மா."

அவளால் நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.