கோழிக் கொட்டகையில் வளர்ந்த புங்கங்கன்றுகள்

என் அக்காள் கணவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவா நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் செய்கிற கெடுதலுக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

எங்கள் வீட்டு வாசலில் அப்பா, எங்கள் நைனா, தன் கையால் வைத்த புங்கமரம் நின்றது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் வெட்டிப் போட்டார்கள். அதற்கு முன்னால் கீழே உதிர்ந்த நெற்றுகளை எல்லாம் பொறுக்கி, ஒன்று விடாமல் மண் நிரப்பிய பையில் ஊன்றினேன். கே.ஜி.கண்டிகைப் பக்கம் நைனாவைப் புதைத்த கல்லறைத் தோட்டம் மொட்டை வெயில். அவர் மரத்துக் கன்று ஒன்றாவது அவர் தலைமாட்டில் நிழல் தர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

திருத்தணியில் மொட்டைமாடியில் செடி வைத்தால் மலைக் குரங்குகள் விட்டுவைக்காது. முளைத்த கன்றுகளைத் திருவாலங்காட்டுப் பக்கம் கறிக்கோழி வளர்க்கும் பாவாவிடம் கொண்டுபோனேன். அவர் கொட்டகைக்குச் சுற்றிலும் கம்பிவலை உண்டு.

"பகல்ல வெளிய வெயில்ல வைங்க பாவா."

"ஆங், உட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார், கோழிக்குஞ்சைப் பார்ப்பது போலவே. குஞ்சு விடிய விடியத் தீனி தின்னட்டும் என்று கொட்டகையில் பல்பை அணைக்க மாட்டார். வெளிச்சம் இருந்தால் செடியும் தின்னும் என்று என் கன்றுகளையும் அதனடியிலேயே வைத்துவிட்டார். வெயிலில் வைத்தால் வாடிவிடுமாம்! அந்த மங்கல் வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கத் தண்டை நீட்டியே அவை களைத்துப்போயின. வேருக்கு என்ன மிஞ்சும்? போனில் கேட்கும்போதெல்லாம் "ஜோரா வருது" என்றார்.

கல்லறைத் திருநாளன்று ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கன்றுகள் என் தோள் உயரம். பாதிரியார் தீர்த்தம் தெளிக்கும் கல்லறை மந்திரிப்புக்கு வந்திருந்த கூட்டம் வாயைப் பிளந்தது. "இன்னா வளத்தி! கைராசிக்காரர்ங்க நீங்க" என்று ஒருவர் பாவாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பையைக் கிழித்தேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே சில நூலிழைகள். வெயிலில் வளர்ந்த புங்கங்கன்றாக இருந்தால் ஆணிவேர் பையின் அடியைக் குத்திக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கொழுத்த கறிக்கோழி தன் உடம்பைத் தாங்க முடியாமல் காலை மடக்கி உட்கார்ந்துவிடும். அதே கதிதான்.

"இதுக்கு வேரே இல்ல பாவா."

"தல நல்லா வளந்துகினு இருக்குது இல்ல? மண்ணுல வச்சா வேரு தானா உடும். ஒரு குச்சி கட்டிக்கலாம்."

உயரத்தைப் பார்த்து மயங்கிய கூட்டத்தில் என் பேச்சு எடுபடவில்லை. எல்லாவற்றையும் நட்டார்கள். கன்றுக்குப் பக்கத்தில் நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேரைப் படம் எடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பெருமழை வந்தது. போய்ப் பார்த்தால் குச்சிகள் நிமிர்ந்து நின்றன, கன்றுகள் கட்டிய கயிற்றிலேயே துவண்டு தொங்கின. நைனா தலைமாட்டில் இருந்ததைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. மழை விட்டு வெயில் அடித்ததும் மறுபடி போனேன், மற்றவையும் கருகியிருந்தன.

ஆத்திரம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாவா பின்னால் வந்து நின்றார்.

"அழாத. வர்ற வருசம் லைட்டே போடாம வெளியிலயே வச்சி வளக்கறேன். வெதய மட்டும் குடு."

"எந்த மரத்து வெதய பாவா?" என்றேன்.