லிஃப்ட் மெக்கானிக் காற்றில் ஏறிய கதை

நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம், "பயப்படாதீங்க, கதவை மட்டும் தள்ளாதீங்க" என்று வெளியிலிருந்து சொல்வது அவருடைய தொழில். உள்ளே இருப்பவர்கள் பயந்து, கதவைத் தள்ளுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் நடந்து வருகிறது. பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவர். வேறு வழியில்லாதவர்களுக்கு அந்தப் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும்.

ஒரு நாள் பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையைத் திறந்தபோது, அவருடைய மோட்டாருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ சங்கத்தின் செயலாளர்.

"இதுக்குப் பேரு ரிப்பீட்டர். கையில வச்சுப் பேசற சின்ன செட்டு ரெண்டு தெரு தாண்டாது. இது அதைக் கேட்டு, உயரத்திலேர்ந்து பலமாத் திருப்பிச் சொல்லும். ஊரு முழுக்கக் கேட்கும்" என்றார் செயலாளர்.

மெக்கானிக் அந்த இடத்திலேயே மயங்கிவிட்டார். சொன்னதை முழுவதும் கேட்டு, எதுவும் சேர்க்காமல், எதிர்த்துப் பேசாமல் ஊருக்கே எடுத்துச் சொல்லும் ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. படித்தார், பரீட்சை எழுதினார், உரிமமும், ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய அழைப்புக்குறியும் வாங்கினார், கைக்கடக்கமான செட்டு ஒன்றும் வாங்கினார். மிச்சமிருந்தது சங்கத்தில் சேர்வது மட்டும்தான்.

அதற்கு ஒரு விதி. விண்ணப்பம் கொடுத்த மூன்று மாதத்துக்குள், இரண்டு உறுப்பினர்களாவது "இவரோடு ரேடியோவில் பேசினேன்" என்று தங்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

தினமும் காலை ஏழரைக்கு ரிப்பீட்டரில் சங்கத்தின் சபை கூடும். ஒருவர், "என் குரல் எப்படிக் கேட்கிறது?" என்பார். இன்னொருவர், "நன்றாகக் கேட்கிறது. என் குரல் எப்படி?" என்பார். அதுவும் நன்றாகவே கேட்கும். கேட்கிறது என்று உறுதியான பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்பதால் விடைபெறுவார்கள். எஞ்சிய நேரத்தைத் தலைவர் எடுத்துக்கொள்வார். அவர் ரொட்டிக் கடை முதலாளி. தன் வீட்டு மொட்டை மாடி ஆண்டெனாவின் கம்பியை அரை அங்குலம் குறைப்பதா, கூட்டுவதா என்று நான்கு மாதமாக யோசித்து வருபவர்.

முடிவில் தலைவர், "வேற யாராவது இருக்கீங்களா?" என்பார். மெக்கானிக் பொத்தானை அழுத்தி அழைப்புக்குறியைச் சொல்வார்.

"யாருமில்லை போலிருக்கு" என்பார் தலைவர்.

பதினோரு வாரம் இது நடந்தது. எல்லார் குரலும் இவருக்குக் கணீரென்று கேட்டது. இவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று அவர் நினைக்கவில்லை. கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார்கள், லிஃப்ட் ரிப்பேர்க்காரன்தானே என்ற இளக்காரம் என்று முடிவுகட்டினார். செயலாளரிடம் நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

சங்கம் கொடுத்த காகிதத்தில் ரிப்பீட்டரின் அலைவரிசைக்குக் கீழே, 'டோன் 88.5' என்று இருந்தது. அவர் அதை எஃப்.எம். நிலையம் என்று எண்ணி, வீட்டு வானொலியில் வைத்துப் பார்த்தார். பழைய பாட்டுகள் வந்தன. சங்கத்துக்காரர்களுக்கு ரசனை மோசமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். புது இயந்திரம் வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதன் கையேட்டைப் படித்தபிறகே சுவிட்சைத் தொடுவாள்.

"அந்தச் செட்டோட புத்தகத்தை ஒரு தடவை பிரிச்சுத்தான் பாருங்களேன்."

"இருபத்திரண்டு வருஷமா மோட்டாரைப் பிரிச்சவனுக்குப் புத்தகமா?"

"அதான் பதினோரு வாரமா சுவரோட பேசிட்டிருக்கீங்களே."

மூன்று மாதக் கெடுவுக்குள் வரும் கடைசிச் சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் கையேட்டைப் பிரித்தாள். பேச்சோடு காதுக்கு எட்டாத மெல்லிய ஒலி ஒன்றும் சேர்ந்து போனால்தான் ரிப்பீட்டர் திறக்கும்; அந்த ஒலியின் எண்தான் 88.5. நாற்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. நான்கு பொத்தான், வேலை முடிந்தது.

"டோன் போட்டிருக்கேங்க. இனிமே கேட்கும்" என்றாள், அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது.

"பாட்டுப் போடறதுக்கா செட்டு வாங்கினேன்? தொடாதேன்னு சொன்னேன்ல" என்று பிடுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

சபையில் தலைவர் அரை அங்குலத்தில்தான் இருந்தார். பதில் வராத ஏக்கத்தில், மெக்கானிக்குச் சில வாரமாக ஒரு பழக்கம் வந்திருந்தது. தலைவர் முடித்ததும் பொத்தானை அழுத்தி, மனதில் உள்ளதைக் கொட்டிவிடுவார். சட்டப்படி முதலில் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுத்தான். அதில் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றும் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"தலைவரே, அந்தக் கம்பியைக் குறைச்சா என்ன, கூட்டினா என்ன? நாலு மாசமா நீங்க பேசினதுல ஒரு வார்த்தை உபயோகம் உண்டா? ரொட்டி சுடறவருக்கு விஞ்ஞானின்னு நினைப்பு. சுத்த வெத்துவேட்டு."

பொத்தானை விட்டார். செட்டு, 'பீப்' என்றது.

ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ரிப்பீட்டர் போடும் பீப் அது. மற்றவர்களுக்குப் பின்னால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். தனக்குப் பின்னால் கேட்டது அதுதான் முதல் தடவை. துண்டு தோளிலிருந்து நழுவியது.

தலைவரின் குரல் வந்தது. இவருடைய அழைப்புக்குறியை எழுத்துப் பிசகாமல் சொன்னது.

"முதல் தடவையா கேட்கிறேன், வணக்கம். உங்க சிக்னல் ஐந்து, ஒன்பது. அதாவது முதல் தரம். ஆனா மைக்கை வாயோட ஒட்டி வச்சிருக்கீங்க போல. 'வெத்துவேட்டு'ங்கிற இடத்துல குரல் உடையுது. நாலு விரல் தள்ளிப் பிடிச்சு, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

"இங்கேயும் அந்த வார்த்தைதான் உடையுது" என்று செயலாளர் உறுதிப்படுத்தினார்.

மெக்கானிக் உள்ளே திரும்பிப் பார்த்தார். மனைவி கையேட்டை மூடி வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் மைக்கை நாலு விரல் தள்ளிப் பிடித்தார்.

"வெத்துவேட்டு" என்றார், கெஞ்சும் குரலில்.

"இப்போ சுத்தமா இருக்கு" என்றார் தலைவர்.

"ஐயா, என்னை மன்னிச்சிடணும், யாரும் எனக்குப் பதில் சொல்லப் போறதில்லைன்னு..."

"சொந்த விஷயமெல்லாம் காற்றில வேண்டாம். நாளைக்கு நேர்ல வாங்க."

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கூட்டத்தில் செயலாளர் தன் பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொன்று வேண்டும். அந்தச் சனிக்கிழமை சபையில் இருந்த மற்றவர்கள் யாரும் வரவில்லை, தலைவர்தான் பாக்கி. அவர் தன் பதிவேட்டைப் பிரித்தார். நேரம், சிக்னல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'பேசிய விஷயம்' என்ற கட்டத்தில், 'எனது பேச்சின் பயன்' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்.

மெக்கானிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க" என்றார் தலைவர். விண்ணப்பத்தின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "அரை அங்குலத்துக்கு வித்தியாசம் உண்டா இல்லையான்னு முதல்லேர்ந்து சொல்றேன்."

முதலிலிருந்தே சொன்னார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. மெக்கானிக் கொட்டாவியை மூக்கு வழியாக விட்டு, தலையாட்ட வேண்டிய இடங்களில் தலையாட்டினார். ஒரே ஒரு இடத்தில், "அப்போ குறைக்கறதுதான் நல்லதுங்களா?" என்றுகூடக் கேட்டார்.

தலைவர் முகம் மலர்ந்தது. முழங்கையை எடுத்து, பேனாவைத் திறந்தார்.