ஐந்தாவது கட்டம்

பேஸ்கட்பால் பார்க்கிறவர்கள் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். ஏற்காடு மலை நாகலூரில் தையல் கடை வைத்திருக்கும் தேவகுமாரி நடுவரின் விரல்களைத்தான் பார்ப்பார். முப்பது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான். எந்த அணி ஜெயித்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வார். யாருக்கு எத்தனை ஃபவுல் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

உயரம் போதாமல்தான் அவர் அந்த விளையாட்டுக்குள் வந்தார். மிஷன் பள்ளியில் படித்தபோது டீமில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அழுத குள்ளப் பெண்ணை, சிஸ்டர் ஆன்மேரி மைதானத்து ஓரம் இருந்த மேசையில் உட்கார வைத்துக் கையில் பேனாவைக் கொடுத்தார். "நீ வளர்ற வரைக்கும் இத எழுதிக்கிட்டிரு கண்ணு" என்றார். தேவகுமாரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் வளரவில்லை, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மேசை வேலை லேசுப்பட்டதல்ல. ஒருவன் ஃபவுல் செய்தால் நடுவர் மேசைப் பக்கம் திரும்பி, அவன் பனியன் நம்பரை விரலால் காட்டுவார். அந்த நம்பருக்கு நேரே இருக்கும் ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். போட்டதும் எத்தனையாவது ஃபவுல் என்று எல்லோருக்கும் தெரிய, அந்த எண் எழுதிய மரமட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்று முதல் நாலு வரை கறுப்பு எழுத்து, ஐந்து மட்டும் சிவப்பு. ஐந்தாவது கட்டம் நிறைந்தவன் வெளியே போய்விட வேண்டியதுதான், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும். மலையில் நடக்கும் மே மாதப் போட்டியில் அந்த மட்டைகள் தேவகுமாரியின் கையைவிட்டு வேறு கைக்குப் போனதே இல்லை. ஆடுகிறவர்களின் பனியனைத் தைப்பதும், முதுகில் நம்பரை வெட்டி ஒட்டித் தைப்பதும்கூட அவர்தான். ஊரில் யாருக்குப் புருஷன் அடங்காவிட்டாலும் மைதானத்தில் எல்லாரும் தேவகுமாரி பேனாவுக்கு அடங்கினார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

2022 செப்டம்பரில் ஐரோப்பிய நாடுகளின் ஆண்கள் கோப்பை நடந்தது. செல்போனைத் தையல் மிஷின் மேல் நூல்கண்டுக்குச் சாய்த்து வைத்து, முந்தின நாள் ஆட்டத்தை மறுநாள் காலையில் ஓடவிடுவார். சும்மா பார்த்தால் பரவாயில்லை. பழைய ஸ்கோர் தாளை எடுத்து, அந்த ஆட்டத்துக்கும் தானே ஸ்கோர் எழுதுவார். பக்கத்து டீக்கடை சுதாராணிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது.

"ஏனுங்கக்கா, அந்த ஊர்க்காரங்க உங்களத்தான் எழுதச் சொன்னாங்களா?"

"சொல்லாட்டி என்னங்க. எழுதுனா எனக்கென்ன கையா நோவுது?"

அன்று ஓடியது ஜெர்மனிக்கும் லித்துவேனியாவுக்கும் நடந்த ஆட்டம். லித்துவேனியா எந்தத் திசையில் இருக்கிறது என்று தேவகுமாரிக்குத் தெரியாது. அவர்கள் ஃபவுலை எண்ண அது தேவையும் இல்லை. மூன்றாவது கால் பகுதியில் ஜெர்மனி பக்கம் ஒரு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால் எதிரணிக்கு, யாரும் தடுக்காமல், ஒரு இலவச எறிதல் உண்டு. தேவகுமாரி குறி போட்டுவிட்டு, எறிதலுக்கான இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தார். ஆட்டம் தொடர்ந்துவிட்டது. எறியவே இல்லை. தான்தான் தூங்கிவிட்டோம் போலிருக்கிறது என்று நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார். இல்லை. நடுவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போய் லித்துவேனியா 107, ஜெர்மனி 109 என்று முடிந்தது. பிறகு அவர் செய்தியைத் தேடிப் படித்தார். லித்துவேனியா முறையிட்டிருக்கிறது. எறிதலைக் கொடுக்காமல் விட்டது தவறுதான் என்று போட்டி நடத்தியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முறையீட்டை விதிப்படி செய்யவில்லை என்பதால் ஏற்கவில்லை. முடிவில் மாற்றம் இல்லை.

சுதாராணி டீ கொண்டுவந்தபோது தேவகுமாரி இதைச் சொன்னார். சுதாராணி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"முடிவு மாறலீன்னா, அப்பறம் தப்புன்னு எதுக்குங்க ஒத்துக்கோணும்?"

தேவகுமாரியின் டீ ஆறிப்போனது. அன்று பூராவும் ஒரு துணிகூடத் தைக்க ஓடவில்லை அவருக்கு. வேறு ஒரு தாள், பீரோவில் புடவைகளுக்கு அடியில் பதினான்கு வருடமாக மடித்துக் கிடந்தது.

அது 2008 மே மாத இறுதி ஆட்டத்தின் தாள். நாகலூருக்கும் மாரமங்கலத்துக்கும் ஆட்டம். நாகலூரின் நல்ல ஆட்டக்காரன் ஸ்டெபின், இருபது வயது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சிங்கராயரின் ஒரே மகன். ஸ்டெபினுக்கு ஏழாம் நம்பரும், அவன் சித்தப்பா மகன் ஆண்டனி ராஜுக்குப் பன்னிரண்டாம் நம்பரும் தேவகுமாரி தைத்துக் கொடுத்திருந்தார். ஆண்டனி ராஜ் ஒரு வருடத்தில் ஊதிப்போனதில் பன்னிரண்டு அவன் வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை. ஸ்டெபினின் ஏழு தொளதொளவென்று தைத்தது, அதனால் அன்று இருவரும் பனியனை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். பட்டியலிலும் ஒழுங்காக மாற்றியே கொடுத்தார்கள். ஸ்டெபின் பன்னிரண்டு, ஆண்டனி ராஜ் ஏழு. அந்தப் பட்டியலைப் பார்த்துத் தாளில் எழுதியதே தேவகுமாரிதான்.

கடைசி இரண்டு நிமிடத்தில் பனி இறங்கியது. ஏற்காட்டுப் பனி சொல்லிக்கொண்டா வரும்? எதிர்க்கூடை பாதி மறைந்துவிட்டது. கூடைக்கு அடியில் நாலு பேர் ஒன்றாக விழுந்தார்கள். விசில் கேட்டது. நடுவர் திரும்பி விரலைக் காட்டினார், விரல் தெரியவில்லை. ஆனால் தள்ளியது ஆண்டனி ராஜ் என்பது அந்த உடம்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஆண்டனி ராஜ் என்றால் பன்னிரண்டு. தன் கையால் வெட்டித் தைத்த நம்பர் மறக்குமா? தேவகுமாரி பன்னிரண்டுக்கு நேரே குறி போட்டார். அங்கே ஏற்கனவே நாலு இருந்தது. சிவப்பு மட்டையைத் தூக்கினார்.

நடுவர் சேலத்திலிருந்து வந்த சின்னப் பையன். ஓடிவந்து, "பன்னண்டுங்களா?" என்றான். "பன்னண்டுதானுங்க" என்றார் தேவகுமாரி. அவன் தன் விரலைவிட அவர் பேனாவை நம்பினான்.

ஸ்டெபின் மேசைக்கு முன்னால் வந்து நாலு விரலைக் காட்டி நின்றான். "நாலுதானுங்கக்கா. இது நான் பண்ணலீங்க."

"சீட்டுல அஞ்சு இருக்குது கண்ணு."

அவன் விரலை மடக்கவே இல்லை. கூட்டம் சிரித்தது. சிங்கராயர் எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் மகன் கையைத் தட்டிவிட்டு, "எழுதுனவங்களுக்குத் தெரியாதா? பொய் சொல்லி நிக்காத, போடா" என்றார். வாழ்நாள் முழுக்கச் சீட்டை நம்பியே வேலை பார்த்த ரைட்டர் அவர். ஸ்டெபின் போனான். நாகலூர் ஒரு புள்ளியில் தோற்றது.

நாலாம் நாள் ஆண்டனி ராஜின் அம்மா ஒரு பனியனைக் கொண்டுவந்தார், அக்குளில் கிழிந்திருந்தது, தைக்க வேண்டும் என்று. முதுகில் ஏழு. தேவகுமாரி தாளை எடுத்துப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லாமல் எல்லாம் புரிந்தது.

சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிங்கராயர் ஒரு பை ஆரஞ்சோடு வந்து வாசலில் நின்றார். "பையன் உங்களப் பொய்யாக்கப் பாத்துட்டானுங்கம்மா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று கைகூப்பினார். அந்த நிமிடம் சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். தேவகுமாரி பையை வாங்கிக்கொண்டார். தப்பாகக் குறி போட்டதை யாரும் மன்னிக்கலாம். அந்த ஆரஞ்சை வாங்கியதை அவராலேயே மன்னிக்க முடியவில்லை.

ஸ்டெபின் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. ஊர் அவனுக்கு 'நாலு' என்று பேர் வைத்தது. மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டினான். ஆறு மணிக்கு வண்டி எடுப்பேன் என்றால், "இவன் கணக்குல ஆறுன்னா எத்தனைங்க?" என்று எவனாவது கேட்பான், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். சிங்கராயர் மட்டும் சிரிக்கமாட்டார். மகன் ஜீப் காலியாக நின்றாலும் அவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார், ஒரு மணி நேரமானாலும்.

லித்துவேனியா ஆட்டத்துக்கு அடுத்த வாரம் தேவகுமாரி ஸ்டெபினின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினார். மற்றவர்கள் இறங்கும்வரை பொறுத்திருந்து, தாளை மடியில் விரித்து, எல்லாவற்றையும் சொன்னார். ஆரஞ்சையும் சொன்னார். அவன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கொண்டை ஊசி வளைவு திரும்பின பிறகுதான் பேசினான்.

"எங்கிட்ட எதுக்குங்கக்கா சொல்றீங்க? நான் நாலுதான் பண்ணுனேன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவகுமாரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவன் கேட்டது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் மேசை போய்விடும். இருந்து இருந்து இந்த மலையில் அவருக்குக் கிடைத்த ஒரே நாற்காலி அது. எட்டு மாதம் தள்ளிப்போட்டார். கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம், ஈஸ்டருக்குச் சொல்லலாம் என்று பண்டிகைகளை எல்லாம் தாண்டினார். மே வந்தது.

இறுதி ஆட்டத்தின் இடைவேளையில், போட்டிச் செயலாளர் குழந்தைவேலிடம் போய் மைக்கைக் கேட்டார். "யார் சாவியாவது தொலைஞ்சுருச்சுங்களா?" என்று கேட்டபடியே கொடுத்தார் அவர். முன்வரிசையில் சிங்கராயர் ஊன்றுகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கம்பிவேலிக்கு வெளியே, வழக்கம்போல், ஸ்டெபின் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தான்.

"நான் தேவகுமாரி பேசறனுங்க. பதினஞ்சு வருசத்துக்கு முன்னால இதே மைதானத்துல, ஸ்டெபினுக்கு அஞ்சு ஃபவுலுன்னு வெளிய அனுப்புனனுங்க. அவன் நாலுன்னு சொன்னான். நாலுதானுங்க. அஞ்சாவது, வேற ஆளுக்குப் போட வேண்டியது. பனியில விரல் தெரியல, கேக்காம நானே போட்டுட்டேன்."

குழந்தைவேல், "அக்கா, போதும், அது எப்பவோ நடந்தது" என்று மைக்குக்குக் கை நீட்டினார். தேவகுமாரி விடவில்லை.

"நாலே நாள்ல எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ரைட்டரய்யா ஊடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டப்பவும் தொறக்கல. அன்னைக்கு ஸ்டெபின் பொய் சொல்லலீங்க. சீட்டுதான் பொய் சொல்லுச்சு. நாகலூர் தோத்தது தோத்ததுதான், அத மாத்த முடியாது. இது மட்டும் சொல்லோணும்னு வந்தேன். நொம்ப லேட்டுங்க."

மைக்கை வைத்தார். விதிப்படி ஒரு வேலை பாக்கி இருந்தது. மேசைக்குப் போய், நாலு என்று கறுப்பில் எழுதிய மட்டையை எடுத்து, வேலிப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். வேலிக்கு அப்பால் ஸ்டெபின் ஜீப்பை விட்டு நிமிர்ந்து நின்றான். பிறகு கையைத் தூக்கினான். நாலு விரல்.

குழந்தைவேலும் இன்னும் இரண்டு பேரும் தள்ளி நின்று ஏதோ பேசினார்கள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு தேவகுமாரி காத்திருந்தார். கடைசியில் குழந்தைவேல் வந்து, "அடுத்த வருசம் பேசிக்கலாமுங்கக்கா. இப்ப வேற ஆள் இல்ல, எழுதுங்க" என்றார். அது மன்னிப்பா, வேறு வழி இல்லாமையா என்று தேவகுமாரி கேட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். சிங்கராயர் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி மைதானத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தார். கேட்டைத் தாண்டினார். மகன் முன்னால் போய் நின்றார். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது மேசைக்குக் கேட்காது. ஸ்டெபின் முன்கதவைத் திறந்து பிடித்ததும், கிழவர் அவன் தோளைப் பற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும்தான் தெரிந்தது.

விசில் கேட்டது. நடுவர் மேசைப் பக்கம் திரும்பி விரலைக் காட்டினார். அன்று பனி இல்லை, நல்ல வெயில். ஆனாலும் தேவகுமாரிக்கு விரல்கள் கலங்கித் தெரிந்தன. அவர் பேனாவைத் தாளில் வைக்கவில்லை.

"சார், தெரியலீங்க" என்றார் சத்தமாக. "நம்பர வாய்விட்டுச் சொல்லுங்க."